அம்மை போட்ட பிள்ளைக்கு மனசு வாடாமல் இருக்க

சின்னம்மையில் காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கும் தெருவுக்கும் போக முடியாது. சிணுங்கல் அப்போதுதான் தொடங்கும்.

1. ஏன் தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ‘சாமி குத்தம்’ என்று உறவினர்கள் காதுபடப் பேச விடாதீர்கள். தான் செய்த தப்பால்தான் வந்தது என்று பிள்ளை நம்பிவிடும். பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.

2. எழும் நேரம், சாப்பாட்டு நேரம் மாற வேண்டாம். பகலெல்லாம் தூங்கினால் இரவில் அரிப்புதான் துணை.

3. முன்பே அம்மை வந்துபோன தாத்தாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து தாயம், பல்லாங்குழி ஆடட்டும். அவர்களுக்கு மறுபடி வருவது அபூர்வம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தள்ளியே இருக்கட்டும்.

4. செல்போனை நாள் முழுக்கக் கையில் கொடுக்காதீர்கள். மாலையில் நண்பனிடம் வீடியோ காலில் பேசவிடுங்கள். வகுப்புக் கதை கேட்டால் முகம் தெளியும்.

5. கண்ணாடியைப் பார்த்து அழுதால் ‘இதுக்குப் போயா’ என்று தள்ளாதீர்கள். சொறியாமல் விட்டால் பெரும்பாலும் தழும்பு மங்கிவிடும் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். அப்படியே நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

6. உடம்பு தேறிய பிறகும் தூக்கமில்லை, சாப்பாடு வேண்டாம், பள்ளி என்றாலே அழுகை என்று நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.