கடல் இருக்கு, நம்ம மலை எங்கே?



ஐரோப்பியர் வருகை பாடம் படிக்கும்போது பழைய கடல் வரைபடம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். மேற்கே கொச்சி, கிழக்கே நாகப்பட்டினம் என்று கரை நெடுக ஊர்ப்பெயர்கள் நெருக்கமாக இருந்தன. நடுவில் கம்பளிப்புழு மாதிரி ஒரு மலை வரிசை. மற்ற இடமெல்லாம் வெறும் தாள். போடியைத் தேடினேன், இல்லை. "அப்ப நம்ம ஊரே கெடையாதா அப்பத்தா?" என்று வீட்டில் கேட்டேன். "படம் போட்டவன் இந்தப் பக்கம் வரலைன்னு சொல்லுடா" என்று சிரித்தார்கள். அது சரிதானா என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வியாபாரிகளின் படம்

டச்சுக்காரர்கள் 1658-ல் நாகப்பட்டினத்தையும் 1663-ல் கொச்சியையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இவர்கள் எல்லாம் கப்பலில் வந்தவர்கள். நங்கூரம் எங்கே போடலாம், மணல்திட்டு எங்கே இருக்கிறது, தண்ணீர் எத்தனை ஆழம் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். டச்சுக் கம்பெனி தன் கடல் படங்களை ரகசியமாக வைத்திருந்தது. பயணம் முடிந்ததும் மாலுமிகள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மிளகும் ஏலமும் கிடைக்கும் இடத்துக்கு வழி அடுத்தவனுக்குத் தெரிந்தால் வியாபாரம் போச்சே!

அந்தக் காலப் படங்களில் உள்ள பெயர்களைக் கவனியுங்கள். ஆப்பிரிக்காவில் தங்கக் கரை, தந்தக் கரை. முத்துக் குளிக்கும் நம் தென்கரைக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர் மீன்பிடிக் கரை. நம்ம மலைக்கு ஆங்கிலப் படங்களில் 'கார்டமம் ஹில்ஸ்', அதாவது ஏலமலை. எனக்கு இது மளிகைக் கடைச் சீட்டு மாதிரிதான் தெரிந்தது. மலைப்பாதை எல்லாம் தெரிந்த முதுவர், பளியர் பெயர் அந்தச் சீட்டில் ஏறவில்லை.

அகலம் ஏன் தப்பாச்சு?

துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்த்தே அட்சரேகையைச் சொல்லிவிடலாம். போடியும் கொச்சியும் ஏறக்குறைய ஒரே 10 டிகிரி வட அட்சரேகையில்தான் இருக்கின்றன. ஆனால் தீர்க்கரேகைக்குச் சரியான நேரம் தெரிய வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியானால் 1 டிகிரிக்கு 4 நிமிடம். ஆடுகிற கப்பலில் அந்தக் காலக் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் செய்த கடிகாரத்தை 1761-ல் கப்பலில் ஏற்றிச் சோதித்தார்கள். அதனால் பழைய படங்களில் வடக்கு தெற்கு ஓரளவு சரியாக இருக்கும். கிழக்கு மேற்கு இழுத்துக்கொண்டு போகும்.

பிரான்சு நாட்டு தான்வீல் 1752-ல் இந்தியப் படம் வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! ஆனாலும் தெரியாத இடத்தில் யானை, சிங்கம் போட்டு நிரப்பாமல் காலியாக விட்டார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

மலையில் ஏறிய சங்கிலி

1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மீதிப் பக்கங்கள் கிடைத்துவிடும். நம்ம கணக்குப் பாடம்தான்! கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி அடிபட்டது. லாம்டனே உட்கார்ந்து சரிசெய்தார். சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்தபோது, 400 மைல் என்று நினைத்திருந்த அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. 40 மைல் நிலம் தாளில் மட்டுமே இருந்திருக்கிறது!

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற அதிகாரிகள் நம்ம மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளை அளந்தார்கள். காலி இடம் நிரம்பியது. ஆனால் சங்கிலி இழுத்தவர், கொடி பிடித்தவர், காடு வெட்டி வழி விட்டவர் எல்லாம் நம்ம நாட்டு ஆட்கள். படத்தில் இருப்பதோ அதிகாரிகளின் பெயர். அளந்ததும் சும்மா இல்லை. எல்லைக்கும் வரிக்கும் படை நடக்கும் பாதைக்கும்தான்.

நான் புரிந்துகொண்டது

அப்பத்தா சொன்னது பாதி சரி. வராததால் மட்டும் இல்லை, தேவைப்படாததாலும் நம்மை வரையவில்லை. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு நம்ம பொட்டிபுரம் மலையைத் தேர்ந்தெடுத்து, 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, எங்கெங்கோ இருப்பவர்களும் வரைபடத்தில் பொட்டிபுரத்தைத் தேடினார்கள். அவர்களுக்கு வேண்டியது மலை. நம்ம கிணறும், மாடு மேய்க்கிற தடமும், சாமி கும்பிடுகிற இடமும் அவர்கள் படத்தில் எதற்கு வரப்போகிறது?

அதனால் நண்பர்களே, அதை நாமே வரையலாம். ஒரு சார்ட் பேப்பர், ஸ்கேல், அளக்க நம்ம காலடி, இது போதும். வடக்கு எது என்று அம்புக்குறி போட மறக்காதீர்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், பெரியவர்களைக் கேட்டு நிரப்பலாம். யார் யார் வருகிறீர்கள்? இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள்.