பத்துப் பெட்டை, ஒரு சேவல், ஒரு கணக்கு நோட்டு

நாமக்கல்லோடு விலையில் மோதாதீர்கள். அங்கே கூண்டில் நிற்கும் லேயர் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். உங்கள் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி 60 முதல் 80 வரை இட்டால் பெரிய விஷயம். முட்டை எண்ணிக்கையில் இறங்கினால் முதல் மாதமே தோல்விதான். உங்கள் மார்க்கெட் வேறு. குழந்தைக்கு நாட்டு முட்டை தேடும் அடுத்த தெரு வீடு, குலசாமிக்குச் சேவல் நேர்ந்துகொண்ட குடும்பம், நல்ல வம்சத்தில் குஞ்சு கேட்கும் இன்னொரு வளர்ப்பாளர். இவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கோழியைப் பார்ப்பார்கள்.

வேலையில் இருந்துகொண்டே சைடு இன்கம் பார்க்க நினைப்பவருக்கும், வேலை தேடும் இடைவெளியில் ஏதாவது செய்ய நினைப்பவருக்கும் பத்துப் பெட்டை, ஒரு சேவல் போதும். காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம். அதைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு இப்போது வளர்க்காதீர்கள்.

1. ரகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஆபீஸ் போகிறவருக்கு என் சாய்ஸ் சிறுவிடை. தானே அடை காக்கும், தானே குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேய்க்கும், பருந்தைப் பார்த்தால் சத்தம் போட்டுக் குஞ்சுகளைப் பதுங்க வைக்கும். உங்கள் வேலையில் பாதியை அது செய்துவிடுகிறது. பெருவிடை கறிக்கு நல்ல விலை போகும், ஆனால் முட்டை குறைவு, சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கும். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்ரியா முட்டைக்கு நல்ல தேர்வு. ஆனால் அடைக்கு உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கவேண்டும். கலப்பினத்தை வளர்த்தால் கலப்பினம் என்றே சொல்லி விற்றுவிடுங்கள். காலையும் கொண்டையையும் பார்த்தே கண்டுபிடிக்கும் கஸ்டமர் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒருமுறை பெயர் கெட்டால் அந்தத் தெருவில் மறுபடி விற்க முடியாது.

2. கொட்டகை. கோழிக்கு 2 சதுர அடி என்று வைத்தால் 5 அடிக்கு 5 அடி இரவுத் தங்கலுக்குப் போதும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் நேராக உள்ளே இறங்காது. கீரியும் பாம்பும் நுழையாத அளவுக்குக் கம்பி வலை நெருக்கமாக இருக்கவேண்டும். தரையில் நெல் உமி அல்லது கடலைத்தோல் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஈரமான இடத்தை உடனே அள்ளி மாற்றுங்கள். நாற்றம் அங்கேதான் தொடங்குகிறது, பக்கத்து வீட்டுச் சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. நகரத்தில் இருப்பவர்கள் சேவலே இல்லாமல் வளர்க்கலாம். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை.

3. முதல் 8 வாரம். முழுக் கவனத்தையும் இங்கே வையுங்கள். கோழி வளர்ப்பில் பணம் போவது தீவனக் கடையில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது குஞ்சோடு மண்ணுக்குள் போகிறது. 50 குஞ்சில் 20 செத்தால், மிச்சமுள்ள 30 அந்த 20-இன் செலவையும் சுமக்கவேண்டும்.

தாயில்லாக் குஞ்சு வாங்கினால் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பரவலாக நின்று கொத்திக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்துத் தடுப்பு வையுங்கள். மூலை இருந்தால் இரவில் அங்கே போய்க் குவிந்து, அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்து மூழ்காது.

அடுத்தது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய். வந்தபின் மருந்து கிடையாது, இரண்டு மூன்று நாளில் கொட்டகையே காலியாகும். தடுப்பு மருந்துதான் வழி: ஒரு வார வயதில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காம் வாரத்தில் லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஆர்2பி ஊசி. தேதியை உங்கள் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். சிறிய அளவில் வளர்ப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பி தடுப்பு மருந்து உங்கள் பதினொரு கோழிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகம். கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் வீணாகும். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லோரையும் ஒரே நாளில் சேருங்கள். இது தர்மமும் அல்ல, தயவும் அல்ல. பக்கத்து வீட்டுக் கோழிக்கு ஊசி போடாவிட்டால் நோய் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வொரு பிப்ரவரியிலும் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன் வருவதால் அதைத் தவறவிடாதீர்கள். மருந்து வாங்கி வரும்போது ஐஸ் வைத்து எடுத்து வாருங்கள். சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போடாதீர்கள்.

4. தீவனம். முதல் 8 வாரம் குஞ்சுத் தீவனத்தில் கஞ்சத்தனம் கூடாது. அதன்பின் மேய்ச்சல் நன்றாக இருந்தால் கோழிக்கு 50 கிராம் அளவில் கம்பு, சோளம், குருணை போதும். 11 கோழிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 200 கிலோ. கரையான் இலவசப் புரதம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, ஓலை, காய்ந்த சாணம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துக் குஞ்சுகள் முன்னால் கொட்டுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் கட்டாயம், இல்லாவிட்டால் ஓடு மெலியும். பூஞ்சை பிடித்த தானியம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

5. அடை வைப்பதில் கவனம். ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டையை அடை வைக்காதீர்கள், கோடையில் இன்னும் சீக்கிரம். சேமிக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நரம்பு தெரியாமல் தெளிவாக இருந்தால் கரு இல்லை, எடுத்துவிடுங்கள். 21-ஆம் நாள் குஞ்சு. தாய் இரண்டு மாதம் குஞ்சோடு சுற்றினால் அதுவரை முட்டை கிடையாது. குஞ்சைச் சீக்கிரம் பிரித்து பல்புக்கு மாற்றினால் பெட்டை சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். பல்பு வைத்துக் குஞ்சு வளர்க்கும் ப்ரூடர் வேலை கையில் வந்தபின் மட்டும் இதைச் செய்யுங்கள்.

6. விற்பனைக் காலண்டர். ஆடியில் கோயில் கொடை, கிடாவெட்டு, கூழ் என்று சேவலுக்கு டிமாண்ட் ஏறும். தீபாவளிக்கு மறுபடி ஏறும். புரட்டாசியிலும் சபரிமலை மாலை போடும் கார்த்திகையிலும் இறங்கும். சிறுவிடை விற்கும் எடைக்கு வர ஐந்து ஆறு மாதம் ஆகும். ஆடிச் சேவல் வேண்டுமென்றால் தை, மாசியில் குஞ்சு பொரிந்திருக்கவேண்டும். புரட்டாசியில் எடைக்கு வந்து நிற்கும் கோழி, விலை ஏறும்வரை உங்கள் தீவனத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

முட்டையைத் துடைத்து, இட்ட தேதியைப் பென்சிலில் எழுதி, வாரத்தில் ஒரே கிழமையில் கொண்டுபோய்க் கொடுங்கள். சொன்ன நாளில் வருபவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. ஸ்டாக் இல்லாத வாரம் முன்கூட்டியே மெசேஜ் போடுங்கள். கடையில் பாக்கெட் முட்டை வாங்கி இடைவெளியை நிரப்பும் யோசனை வந்தால் அப்போதே விட்டுவிடுங்கள்.

7. நோட்டு. வந்த குஞ்சு, செத்த குஞ்சு, எந்த வயதில், என்ன காரணம், தீவனம் எத்தனை கிலோ, விற்ற எடை எவ்வளவு. தினமும் இரண்டு வரி. வேலை தேடுபவர்களுக்கு இது இன்டர்வியூ மெட்டீரியலும்கூட. நாமக்கல், பல்லடம் பக்கம் ஹேச்சரி, தீவன ஆலை, பிராய்லர் கம்பெனி சூப்பர்வைசர் வேலைக்குப் போகிறவரிடம் மார்ட்டாலிட்டி எத்தனை சதவீதம், எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம்) என்ன என்று கேட்பார்கள். "எனக்குக் கோழி பிடிக்கும்" என்று சொல்பவருக்கும், "மூன்றாவது பேட்சில் இறப்பைப் பாதியாகக் குறைத்தேன், இப்படிக் குறைத்தேன்" என்று நோட்டைத் திறப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த மேஜையில் தெரியும். படிப்பாகவே எடுக்க விரும்பும் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஓசூரில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது.

8. "குஞ்சும் தீவனமும் நாங்கள் தருகிறோம், கொட்டகையும் நாங்களே போட்டுத் தருகிறோம், மாதாமாதம் வருமானம் உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். 2012 வரை கொங்கு மண்டலத்தில் ஈமு கோழிக்கு இப்படித்தான் பணம் வாங்கினார்கள். சேமிப்பைக் கொடுத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். அந்தப் பறவையைத் தின்ன ஊரில் ஆளே இல்லை என்பதை யாரும் விசாரிக்கவில்லை. பெரிதாக்க ஆசை வந்தால் தேசிய கால்நடை இயக்கத்தில் கிராமப்புறக் கோழிப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம் உண்டு. அதற்கு முன், தொடர்ந்து இரண்டு பேட்சில் நூற்றுக்குத் தொண்ணூறு குஞ்சாவது எட்டு வாரம் தாண்டியிருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். தாண்டவில்லையென்றால் அப்ளிகேஷனை எடுத்து வையுங்கள், அடுத்த பேட்ச் முடியட்டும்.