பனியாற்றின் பாஸ்புக்

இமயமலைப் பனி உருகுதுன்னு செய்தி வந்தால், நம்ம புதுக்கோட்டைக் கண்மாய்க்கு மழைதானே ஆதாரம் என்று தோன்றும். உண்மைதான். காவிரியும் பனி உருகி வருகிற ஆறு இல்லை. ஆனால் அங்கே கணக்குப் பார்க்கிற முறை நமக்கு உதவும். வங்கியில் இருந்தவனுக்கு அது சட்டென்று பிடிபடுகிறது.

இமாச்சலப் பிரதேசத்தில் சோட்டா ஷிக்ரி என்றொரு பனியாறு. நீளம் சுமார் 9 கிலோமீட்டர். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 முதல் அதை அளந்து வந்திருக்கிறார்கள். எதை வைத்துத் தெரியுமா? மூங்கில் கழி! நீராவியால் பனியில் துளை போட்டுக் கழியை இறக்குகிறார்கள். கோடை முடிவில் எவ்வளவு கூடுதலாக வெளியே தெரிகிறதோ, அது செலவு. மேல்பகுதியில் தங்கிய புதுப்பனி வரவு. பனி தன் பாரத்தாலேயே சரிவில் இறங்கும். கழியும் கூடவே போகும். அது இடம் மாறிய தூரம்தான் வேகம்.

கணக்கில் பற்றுதான் அதிகம். பனியாறு முழுக்கப் பரப்பிப் பார்த்தால் ஆண்டுக்குச் சராசரி அரை மீட்டர் உயரத் தண்ணீர் போயிருக்கிறது. பனி மெலிந்ததால் நகர்வும் மந்தமாகிவிட்டது.

கீழ்முனை பின்வாங்குவதை மட்டும் பார்த்தால் சேதி தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஆற்றில் கொஞ்ச காலம் தண்ணீர் கூடவே வரும், டெபாசிட்டை உடைத்துச் செலவழிக்கிற வீடு செழிப்பாகத் தெரிகிற மாதிரி. நம்ம போர்வெல்லும் இதே ரகம்தான். மோட்டார் எடுக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது.

தையிலும் ஆனியிலும் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். தைக்கும் ஆனிக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கோடையின் செலவு. முதல் கரைகிறதா என்று பார்க்க, தையைத் தையோடு ஒப்பிட வேண்டும்.