ராவ் பகதூர் வேடம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஆண்டு விழா நாடகத்தில் உனக்கு வெள்ளைக்கார சர்க்கார் பக்கம் நிற்கும் ராவ் பகதூர் வேடம் தந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அந்த நாடகத்தில் கனமான வேடமே அதுதான்.

ஏன் என்று சொல்லுமுன் அந்தக் காலத்து மேடையைப் பற்றிக் கொஞ்சம். வெ. சாமிநாத சர்மா 'பாணபுரத்து வீரன்' என்று ஒரு நாடகம் எழுதினார். ஸ்காட்லாந்து விடுதலைப் போரைத் தழுவிய கதை. பெயர்களையெல்லாம் மாற்றி, ஏதோ ஒரு காலத்து ராஜா கதைபோல ஆக்கியிருந்தார். அப்படியும் தடை வந்தது. 1931-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் அதையே 'தேசபக்தி' என்ற பெயரில் மேடையேற்றினார்கள். நடுவில் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். ராஜா கதைக்குள் காந்தி! இது யாரைப் பற்றிய நாடகம் என்று கொட்டகையில் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இத்தனை சுற்றிவளைப்புக்குக் காரணம் 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம். சர்க்கார்மேல் வெறுப்பை மூட்டும் என்று பட்டாலே நாடகத்தைத் தடுக்கலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நடித்தவருக்கு மட்டுமா? இடம் கொடுத்தவருக்கும், தடை தெரிந்தே வந்து உட்கார்ந்து பார்த்தவருக்கும்கூட. விசுவாசத்தை இப்படி மிரட்டி வாங்கிய காலம் அது.

ஆனால் உன் ராவ் பகதூர் மிரண்டு போனவரல்ல, நம்பியவர். 1919 சீர்திருத்தத்தில் கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் மாகாண மந்திரிகள் கைக்கு வந்தன. போலீசும் நிதியும் கவர்னர் பக்கமே நின்றன. கிடைத்ததை வைத்து நாலு பள்ளிக்கூடம் திறப்போம், மிச்சத்தைப் பிறகு கேட்போம் என்று மனசார நினைத்தவர்கள் இருந்தார்கள். 1921-ல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை தர வழி செய்ததும் அந்த ஏற்பாட்டுக்குள்தான். அது சின்னக் காரியமில்லை. மறுபக்கம், பஞ்சாபில் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை கேட்டுத் தாகூர் 'சர்' பட்டத்தையே வேண்டாமென்றார். அவர் செய்ததே சரி என்பது என் கட்சி. அதை நீ முதல் காட்சியிலேயே முகத்தில் காட்டிவிடாதே. பள்ளிக்கூடம் பற்றிய வசனத்தை நீ நம்பிச் சொன்னால்தான், பஞ்சாபிலிருந்து தந்தி வரும் காட்சியில் உன் மௌனத்துக்குப் பலம் இருக்கும்.

பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து வியாபாரம் செய்த குடும்பங்கள் நம் கூத்தாநல்லூரில் எத்தனையோ. அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது, அந்நாளில் சர்க்காருக்கும் வேண்டியவராக, ஊருக்கும் வேண்டியவராக ஒருவர் இருக்க முடிந்ததா என்று கேள். அவர்கள் சொல்வதை எழுதி வை. வசனத்தை அதற்கப்புறம் மனப்பாடம் செய்யலாம்.

அன்புடன்,
மாமா