முன்பெருக்கியும் சக்திப் பெருக்கியும்: பெருக்கத்தைப் பொருத்தும் முறை

வீட்டில் இசை கேட்பதற்கென அமைக்கப்படும் கருவித் தொகுதியில் இரு பெருக்கிகள் உள்ளன. மூலக் கருவியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை முன்பெருக்கி ஏற்று, வேண்டிய அளவில் அனுப்புகிறது. சக்திப் பெருக்கி அதனை ஒலிபெருக்கியை இயக்கவல்ல நிலைக்கு உயர்த்துகிறது. தனித்தனியே குறையற்ற இவ்விரண்டையும் இணைத்தபின் இரைச்சல் கேட்பதுண்டு. குமிழைச் சிறிது திருப்பியவுடனே ஒலி மிகுந்துவிடுவதும் உண்டு. பழுதெனக் கருதிக் கருவியைப் பிரிக்குமுன் பெருக்கங்களைக் கணக்கிடுதல் நலம்.

ஓர் உதாரணம் கொள்வோம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 50 வாட்டு சக்தியளிக்க 20 வோல்ட்டு தேவை (50 × 8 = 400; இதன் வர்க்கமூலம் 20). சக்திப் பெருக்கி 20 மடங்கு பெருக்குமாயின், அதற்கு 1 வோல்ட்டு கொடுத்தால் போதும். குறுந்தட்டுக் கருவியோ உச்ச அளவில் 2 வோல்ட்டு தருகிறது. ஆகவே இங்கு வேண்டுவது பெருக்கமன்று, பாதியாகக் குறைத்தலேயாம். ஆயினும் முன்பெருக்கி 10 மடங்கு பெருக்குகிறது. இந்நிலையில் குமிழ் இருபதில் ஒரு பங்கிற்கு மேல் மின்னழுத்தத்தைச் செல்லவிட்டால், அலையின் முகடுகள் வெட்டுண்டு ஒலி சிதையும். இது நீடிப்பின் ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் கருகவும் கூடும்.

இரைச்சலின் காரணமும் இதுவே. பல முன்பெருக்கிகளில் குமிழுக்குப் பின்னரே பெருக்கும் பகுதி அமைந்துள்ளது. அங்கு எழும் இரைச்சலைக் குமிழ் குறைக்காது. அது 0.1 மில்லிவோல்ட்டு எனக் கொண்டால், ஒலிபெருக்கியை அடையும்போது 2 மில்லிவோல்ட்டு ஆகிவிடும். மேலும், குமிழின் தொடக்கப் பகுதியில் இரு பக்கங்களின் மின்தடைகள் ஒத்திராமையால், இடப்புற ஒலியும் வலப்புற ஒலியும் சமமாக இருப்பதில்லை.

சக்திப் பெருக்கியில் அளவுக் குமிழ் இருப்பின் அதைக் குறைத்தலே எளிய பரிகாரம். இல்லையேல், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் சக்திப் பெருக்கியின் நுழைவாயில் அருகே 10,000 ஓம் தடையைத் தொடராகவும், அதன் பின்னர் 3,300 ஓம் தடையைப் புவியிணைப்புக் கம்பிக்கும் இணைத்தல் வேண்டும். மின்னழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும், இரைச்சலும் 0.5 மில்லிவோல்ட்டாகத் தணியும்; குமிழும் நடுப்பகுதியில் இயங்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை: இனி முழுச் சக்தி பெற முன்பெருக்கி 4 வோல்ட்டுக்குச் சற்று மேலாகச் சிதைவின்றித் தரவேண்டும். அதன் விவரக் குறிப்பில் அவ்வளவு காணப்படாவிடில், பாதியளவு குறைப்பதோடு நிறுத்துக. அளவு கடந்து குறைப்பின், சிதைவு சக்திப் பெருக்கியை விட்டு முன்பெருக்கிக்கு இடம் மாறுமேயன்றி நீங்காது.

பயிற்சி: சக்திப் பெருக்கி 30 மடங்கு பெருக்கினால், மேற்கூறிய 20 வோல்ட்டைப் பெற அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் அளிக்கவேண்டும்? மாணவர் கணக்கிட்டுக் காண்க.