கல்லில் இருந்த தமிழ்: இலங்கையில் சீனச் செல்வாக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

ஒரு நாடு பிற நாட்டைத் தன் வழிக்குக் கொண்டுவரப் படை ஒன்றே கருவி அன்று. கலை, கல்வி, பண்பாடு ஆகியவற்றால் மனத்தைக் கவர்ந்தும் இணங்கச் செய்யலாம். இதனை அமெரிக்க அறிஞர் ஜோசப் நை 1990-இல் ‘மென் அதிகாரம்’ என வகுத்துரைத்தார். பணம் கொடுத்து இணங்க வைப்பது வேறு. விரும்பி இணங்கச் செய்வது வேறு என்பது அவர் கருத்து. சீனம் இவ்விரண்டையும் கலந்தே கையாள்கிறது. நம் அண்டை நாடாகிய இலங்கையே இதற்குத் தக்க சான்று.

காலிக் கல்வெட்டு

1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மிங் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுவிய அக்கல் 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. எவரிடம் எம்மொழியில் பேசவேண்டும் என்பதை அன்றே அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் அதே காலத்தில் செங் ஹேயின் படை இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றது. காணிக்கையும் படையும் ஒரே கப்பலில் வந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அரிசியும் அரங்கமும்

1952-இல் இலங்கை ரப்பர் தந்து சீன அரிசியைப் பெற உடன்பாடு செய்துகொண்டது. தூதரக உறவு ஏற்பட்டதோ 1957-இல்தான். 1973-இல் கொழும்பில் பண்டாரநாயக்க நினைவு மாநாட்டு மண்டபம் சீனாவின் கொடையாக எழுந்தது. 1976-இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அங்கேதான் நடந்தது.

அம்பாந்தோட்டை

2010-இல் திறக்கப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன வங்கிக் கடனால் உருவானது. போதிய வருவாய் வரவில்லை. 2017-இல் அது 112 கோடி டாலருக்கு, 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடம் சென்றது. கடனுக்கு ஈடாகத் துறைமுகம் பறிக்கப்பட்டது என்று பலர் கூறுவர். உண்மை அதுவன்று. குத்தகைப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பைச் சேர்ந்தது. கடன் அப்படியே நின்றது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்தபோது, அக்கடனின் மிகப்பெரிய கூறு பன்னாட்டுக் கடன் பத்திரங்களே. எனினும் 2022 ஆகஸ்டில், இந்தியா கவலை தெரிவித்த பின்னும், யுவான் வாங்-5 என்னும் சீன ஆய்வுக் கப்பல் அத்துறைமுகத்தில் வந்து நின்றது. வாணிபத் துறைமுகத்தின் அரசியல் பயன் அன்று வெளிப்பட்டது.

தமிழின் இடம்

2021 மே மாதம், கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்திற்குச் சீனா அளித்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. எதிர்ப்பு எழவே பலகை அகற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சீனத் தூதர் வேட்டி கட்டி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டார். விட்டதைப் பிடிக்கும் முயற்சியாகவே நான் இதைக் காண்கிறேன். நாமும் வாளாவிருக்கவில்லை. 2022 மே மாதம் தமிழக அரசின் அரிசி, பால்மா, மருந்து ஏற்றிய கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை எந்நாட்டார் ஆலை வைத்தாலும் “வேலை கிடைக்கும்” என்றே எங்கள் வீட்டார் மகிழ்வர். அது தவறன்று. ஆனால் வேலைக்குச் செல்பவர் மட்டும் போதாது; ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் காண்பவரும் நம்மிலிருந்து தோன்றவேண்டும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனர் நம் மொழியைக் கல்லில் பொறித்தனர். அவர்கள் மொழியைப் படிக்க வல்லவர் நம்முள் எத்தனை பேர்? அண்டை வீட்டுச் சிங்களத்தையேனும் நாம் கற்றோமா? வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்த நாட்டில் பிறந்த மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.