பேணுவோரைப் பேணுதல்

நுழையும்முன்

மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காகப் பகுத்தது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். அந்நான்காம் இடத்தில் இன்று நிற்பவர் செவிலியர். பிறரைப் பேணும் அவரே தளர்ந்துபோவது ஏன்? உடன் பணிபுரிவோரின் உறவுக்கு அதில் என்ன பங்குண்டு? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தேடுகிறது.

தோவாளையின் பின்னிரவு

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்ளும் ஊர். பிச்சியும் மல்லிகையும் அரளியும் சம்பங்கியும் அங்குள்ள சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்திறங்கிக் கேரளத்திற்கும் பிற ஊர்களுக்கும் செல்கின்றன. அதே வேளையில், அருகிலுள்ள நாகர்கோவிலின் மருத்துவமனைகளில் செவிலியர் இரவுப்பணியின் இறுதிப் பகுதியில் இருப்பர். 1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப்பணி முதல் இன்றைய ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி வரை, குமரி மண்ணுக்கு நெடிய மருத்துவ மரபு உண்டு.

வாடிய பூவைச் சந்தை அக்கணமே கண்டுகொள்ளும். வாடிய செவிலியரைக் கண்டறிவது அத்துணை எளிதன்று.

களைப்பும் பணிச்சோர்வும்

ஒருநாள் உழைப்பால் வரும் களைப்பு உறக்கத்தால் நீங்கும். பணிச்சோர்வு அவ்வாறு நீங்குவதில்லை. நியூயார்க் நகரின் இலவச மருத்துவ மையத்தில் ஆர்வத்தோடு தொண்டாற்ற வந்தவர்கள் நாளடைவில் உள்ளம் வறண்டுபோவதைக் கண்ட உளவியலாளர் எர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974இல் அந்நிலைக்குப் பெயரிட்டு எழுதினார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் இதனைப் பணியிடம் சார்ந்த நிலையாக வரையறுத்தது. முறையாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு என்பது அவ்வரையறை. ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகிக் கசத்தல், பணித்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள்.

பணியிடத்தில் தோன்றுவதால், அதனைச் செவிலியரின் மனவலிமைக் குறைவாக மட்டும் கருதுவது பிழையாகும்.

உறவு முறியும் இடம்

இலண்டன் பயிற்சி மருத்துவமனை ஒன்றில் பயிற்சிச் செவிலியர் பலர் இடையிலேயே விலகிச்சென்றனர். அதன் காரணத்தை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் தம் முடிவுகளை 1960இல் வெளியிட்டார். அங்குப் பணிகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு செவிலியர் பல நோயாளிகளுக்கு ஓரிரு பணிகளை மட்டுமே செய்தார். நோயாளிகள் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் சுட்டப்பட்டனர். நோயும் இறப்பும் தரும் மனவேதனையிலிருந்து செவிலியரைக் காக்கவே இம்முறைகள் உருவாகியிருந்தன. எனினும் வேதனை குறையவில்லை. நோயாளியோடு கொள்ளும் உறவால் கிடைக்கும் நிறைவும் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. மூத்தோர் இளையோரைப் பொறுப்பற்றவர் என்றனர். இளையோர் மூத்தோரைக் கடுமையானவர் என்றனர்.

எண்ணிக்கையின் பங்கு

உறவுச் சிக்கலின் பின்னே ஆள்பற்றாக்குறையும் இருப்பதுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை லிண்டா எய்க்கன் குழுவினர் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும்போதெல்லாம், அவர் பணிச்சோர்வு அடையும் வாய்ப்பு 23 விழுக்காடும், அறுவை நோயாளி 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும் உயர்ந்திருந்தன. செவிலியர் நலமும் நோயாளி நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இவ்வாய்வு புலப்படுத்தியது.

ஒருவர் பணிக்கு வாராதபோது அவருடைய சுமை மற்றொருவர் தோளில் ஏறுகிறது. இரவுப்பணி முடித்தவரே பகற்பணியையும் தொடர நேர்கிறது. அப்பொழுது எழும் சினம், வாராத தோழியின்மீது பாய்கிறதேயன்றி, நிரப்பப்படாத பணியிடத்தின்மீது பாய்வதில்லை. நிருவாகத்தின் குறை, இவ்வாறு இரு செவிலியருக்கு இடையிலான பகையாக உருமாறிவிடுகிறது. இதனை உணர்வதே உறவைக் காக்கும் முதற்படியாகும்.

பேணும் வழிகள்

ஒரு பணிமுறை முடிந்து அடுத்தது தொடங்கும்போது நிகழும் பணி ஒப்படைப்பு, மருந்து, ஊசி, குருதியழுத்தம் பற்றிய செய்திப் பரிமாற்றம் மட்டுமன்று. “இரவு எப்படிக் கழிந்தது அக்கா?” என்னும் வினாவுக்கும் அங்கு இடம் வேண்டும். புதிதாக வந்தவர் தவறிழைத்தால், நோயாளியின் முன் கடிந்துகொள்ளாது, தனியே அழைத்துத் திருத்துதல் மூத்தோர் கடன். தாம் பேணிய நோயாளி இறந்துபட்டால், அடுத்த படுக்கைக்கு விரையுமுன் சில மணித்துளிகள் அமர்ந்திருக்கச் செவிலியருக்கு வாய்ப்பளித்தல் வேண்டும்.

ஆயினும், அன்பான சொல் மட்டும் ஆள்பற்றாக்குறையை ஈடுசெய்யாது. போதிய பணியிடங்கள், உரிய ஊதியம், முறையான ஓய்வு ஆகியவற்றை உறுதிசெய்வது நிருவாகத்தின் பொறுப்பு. செவிலியரைப் பெயர் சொல்லி மதிப்போடு அழைப்பதும், தாமதத்திற்கு அவரையே குற்றஞ்சாட்டாதிருப்பதும் நோயாளியின் உறவினராகிய நம் பொறுப்பு. பேணுவோரைப் பேணும் சமூகமே நலமான சமூகமாகும்.

தெரிந்து தெளிவோம்

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிறந்தார். அந்நாள் பன்னாட்டுச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பிறந்த 200ஆம் ஆண்டாகிய 2020ஐச் செவிலியர், பேறுகால உதவியாளர் ஆண்டாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பணிபுரியும் செவிலியர் ஒருவரை நேர்கண்டு, அவருடைய ஒருநாள் பணியைக் கட்டுரையாக எழுதுக.
2. ‘பணிச்சோர்வு தனிமனிதச் சிக்கலா, பணியிடச் சிக்கலா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.